மக்கள் தலைவர் கர்பூரி தாக்கூர்

(உரைநடை – வாழ்க்கை வரலாறு)

நுழையும்முன்

சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தியவர், பின்னாளில் ஒரு மாநிலத்தின் முதலமைச்சராக இருமுறை பொறுப்பேற்றார். பதவிகள் பல வகித்தும் தமக்கென ஒரு நல்ல வீட்டைக் கட்டிக்கொள்ளாதவர். கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் பின்தங்கியோருக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தம் பதவியையே இடருக்கு உள்ளாக்கியவர். அவர் எடுத்த முடிவுகளுள் சில இன்றும் விவாதிக்கப்படுகின்றன. அத்தலைவரின் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

1. பிறப்பும் இளமையும்

பீகார் மாநிலத்தில், கங்கையாற்றுக்கு வடக்கே சமஸ்திபூர் மாவட்டம் அமைந்துள்ளது. அங்குள்ள பிதௌஞ்சியா என்னும் சிற்றூரில் 1924ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24ஆம் நாள் கர்பூரி தாக்கூர் பிறந்தார். தந்தையார் கோகுல் தாக்கூர். தாயார் ராம்துலாரி தேவி. தந்தையார் சிறிதளவு நிலத்தில் உழவு செய்துவந்தார். அத்துடன், தம் குலத்தொழிலாகிய முடிதிருத்தும் தொழிலையும் செய்துவந்தார்.

அக்காலத்தில் அவ்வூர்ப் பகுதியில் நிலம் சிலர் கையில் மட்டுமே இருந்தது. பிறப்பால் ஒருவருக்கு இன்ன தொழில், இன்ன இடம் என்று வகுக்கப்பட்டிருந்தது. கர்பூரி பள்ளியிறுதித் தேர்வில் முதல் வகுப்பில் தேறியபோது நடந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. மகிழ்ச்சி மிகுந்த தந்தையார், மகனை ஊர்ப் பெருநிலக்கிழார் ஒருவரிடம் அழைத்துச் சென்று தேர்ச்சிச் செய்தியைக் கூறினாராம். அவரோ, "அப்படியா! நல்லது, வந்து என் காலைப் பிடித்துவிடு" என்றாராம். படிப்பு ஒருவருக்கு அறிவைத் தந்தாலும், ஊரார் மதிப்பைத் தாமே தந்துவிடுவதில்லை என்பதை அவ்விளைஞர் அன்றே உணர்ந்திருப்பார்.

பள்ளிக்கல்வியை முடித்த கர்பூரி, தர்பங்கா நகரில் கல்லூரியில் சேர்ந்தார். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் காந்தியடிகள் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தைத் தொடங்கினார். நாடெங்கும் மாணவர்கள் வகுப்புகளைத் துறந்து வீதிக்கு வந்தனர். பதினெட்டு வயதினரான கர்பூரியும் கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு இயக்கத்தில் இணைந்தார். அதன் விளைவாக 26 மாதங்கள் சிறையில் கழித்தார். அவர் அதன்பின் பட்டம் பெறக் கல்லூரிக்குத் திரும்பவில்லை.

2. ஆசிரியப் பணி

நாடு விடுதலை பெற்றபின் கர்பூரி தம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பீகாரின் சிற்றூர்களிலோ நிலைமை இன்னும் கடினமானது. வயல்வேலைக்கும் மாடு மேய்ப்பதற்கும் பிள்ளைகள் தேவைப்பட்டனர். பள்ளிக்கு வந்தவரிலும் பள்ளியிறுதித் தேர்வு வரை எட்டியவர் மிகச் சிலர்.

ஆசிரியராக இருந்த காலம் குறுகியதே. ஆயினும், ஏழைப் பிள்ளைகள் எந்தப் படியில் தடுக்கி விழுகின்றனர் என்பதை அவர் வகுப்பறையில் இருந்தே கண்டார். பிற்காலத்தில் அவர் கல்வித் துறையில் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள இவ்வனுபவம் நமக்கு உதவும்.

3. சட்டமன்றத்தில் ஒரு குரல்

விடுதலை இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951–52இல் நடைபெற்றது. சோசலிஸ்டுக் கட்சியின் வேட்பாளராகத் தாஜ்பூர் தொகுதியில் நின்ற கர்பூரி வெற்றி பெற்று, பீகார் சட்டமன்ற உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 28. அவர் நாடாளுமன்றத் தேர்தலில் 1984இல் தோல்வி கண்டதுண்டு. சட்டமன்றத் தேர்தலிலோ ஒருமுறையேனும் தோற்றதில்லை.

அவர் பேச்சளவில் நின்றுவிடவில்லை. 1960ஆம் ஆண்டு நடுவண் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அஞ்சல் தந்தித் துறை ஊழியர்களுக்குத் தலைமையேற்றுச் சிறை சென்றார். 1970ஆம் ஆண்டு டெல்கோ தொழிற்சாலைத் தொழிலாளர்களின் நலனுக்காக 28 நாள்கள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். ராம் மனோகர் லோகியா, ஜெயப்பிரகாஷ் நாராயணன் ஆகியோரின் சமத்துவக் கொள்கைகள் அவருக்கு வழிகாட்டின.

4. கல்வி அமைச்சரும் ஆங்கிலப் பாடமும்

1967ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் இந்தியாவின் பல மாநிலங்களில் காங்கிரசு அல்லாத அரசுகள் அமைந்தன. சென்னை மாநிலத்தில் அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். பீகாரில் மகாமாயா பிரசாத் சின்கா தலைமையில் கூட்டணி அரசு அமைந்தது. அதில் கர்பூரி தாக்கூர் துணை முதலமைச்சராகவும் கல்வி அமைச்சராகவும் பொறுப்பேற்றார். முன்னாள் ஆசிரியரின் கையில் ஒரு மாநிலத்தின் கல்வித் துறை வந்து சேர்ந்தது.

அக்காலத்தில் பள்ளியிறுதித் தேர்வில் தேற வேண்டுமாயின், ஆங்கிலப் பாடத்திலும் கட்டாயம் தேற வேண்டும். நகரத்து மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் இருந்தனர். வீட்டில் உதவுவோரும் இருந்தனர். சிற்றூர் மாணவருக்கோ இரண்டும் இல்லை. கணக்கிலும் வரலாற்றிலும் நன்கு படித்த மாணவர்கூட ஆங்கிலம் ஒன்றினால் தோல்வியுற்றார். பள்ளியிறுதிச் சான்று இல்லையேல் கல்லூரியும் இல்லை. அரசு வேலையும் இல்லை. பெண்களும் ஏழைகளும் இத்தடையில் மிகுதியாகச் சிக்கினர்.

பள்ளியிறுதித் தேர்வில் தேறுவதற்கு ஆங்கிலத்தில் தேற வேண்டும் என்னும் கட்டாயத்தைக் கர்பூரி நீக்கினார். ஆங்கிலம் கற்பதை அவர் தடை செய்யவில்லை. ஆங்கிலத்தில் தேறாதவரை வெளியே நிறுத்தும் விதியையே மாற்றினார்.

இம்முடிவுக்கு எதிர்ப்பு எழுந்தது. ஆங்கிலமின்றித் தேறியவர்களைச் சிலர் 'கர்பூரி வகுப்பில் தேறியவர்' என்று எள்ளி நகையாடினர். எள்ளலுக்கு அப்பால் ஒரு நேர்மையான கேள்வியும் இருந்தது. உயர்கல்வியும் பெரும்பணிகளும் ஆங்கிலத்தையே வேண்டிநின்றபோது, அதைக் கற்காமல் வெளிவரும் மாணவர் பின்னால் இடர்ப்படமாட்டாரா என்று கல்வியாளர் சிலர் வினவினர். வசதி படைத்தோர் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைத் தொடர்ந்து கற்பிப்பர். ஏழைப் பிள்ளைகளே அதை இழப்பர் என்பது அவர்கள் வாதம். மறுபுறம், முதல் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அடுத்த வாயிலைப் பற்றிய கவலை எதற்கு என்று கர்பூரியின் ஆதரவாளர் கேட்டனர். இவ்விரு வாதங்களிலும் உண்மை உண்டு.

இங்கு ஒப்புநோக்கத்தக்க செய்தி ஒன்று உள்ளது. பீகாரில் ஆங்கிலக் கட்டாயம் நீங்கிய அதே காலத்தில், தமிழ்நாட்டில் அண்ணாவின் அரசு தமிழையும் ஆங்கிலத்தையும் கொண்ட இருமொழிக் கொள்கையை 1968ஆம் ஆண்டு சனவரியில் ஏற்றது. பள்ளிகளில் இந்தியைக் கற்பிப்பதை நிறுத்தியது. இரு மாநிலங்களின் வழிகள் வேறு. 'சொந்த மொழியை உடைய எளிய மாணவர், பிறமொழி ஒன்றினால் பின்தள்ளப்படலாகாது' என்னும் கவலை மட்டும் இரண்டுக்கும் பொது. தமிழருக்கு இந்தியால் வந்த இடர் பீகார் மாணவருக்கு ஆங்கிலத்தால் வந்தது.

5. முதலமைச்சர் பொறுப்பு

1970ஆம் ஆண்டு டிசம்பரில் கர்பூரி தாக்கூர் முதன்முறையாக முதலமைச்சரானார். பல கட்சிகளின் ஆதரவில் நின்ற அவ்வரசு சில மாதங்களே நீடித்தது. 1971 சூன் திங்களில் அவர் பதவி விலகினார். 1974இல் ஜெயப்பிரகாஷ் நாராயணன் தலைமையில் பீகாரில் பெரும் மக்கள் இயக்கம் எழுந்தபோது அதன் முன்னணியில் நின்றார். 1975இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபின் தலைமறைவாக இருந்து பணியாற்றினார்.

நெருக்கடிநிலை முடிந்தபின் நடந்த தேர்தலில் ஜனதா கட்சி வென்றது. 1977 சூன் திங்களில் கர்பூரி இரண்டாம் முறையாக முதலமைச்சரானார். மாநிலத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்த முயன்றார். ஆயினும் அவர் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்தியது வேறோர் ஆணையாகும்.

பிற்படுத்தப்பட்ட மக்களின் நிலையை ஆராய 1971இல் முங்கேரி லால் ஆணையம் அமைக்கப்பட்டிருந்தது. அவ்வாணையம் 1976இல் அறிக்கை அளித்தது. பிற்படுத்தப்பட்டோர் அனைவரும் ஒரே நிலையில் இல்லை என்பதை அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது. சில சமூகங்களிடம் ஓரளவு நிலமும் எண்ணிக்கைப் பலமும் இருந்தன. குயவர், மீனவர், முடிதிருத்துவோர் போன்ற சமூகங்களிடமோ அவை இரண்டும் இல்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பங்கை ஒதுக்கினால், வலிமை உடையவரே அதைப் பெரும்பாலும் பெற்றுவிடுவர். நலிந்தவர் மீண்டும் வெறுங்கையுடன் நிற்பர்.

இதனை உணர்ந்த கர்பூரி, 1978 நவம்பரில் அரசுப் பணிகளில் 26 விழுக்காடு இடங்களை ஒதுக்கி அரசாணை வெளியிட்டார். அதன் பகுப்பு வருமாறு:

மிகவும் பிற்படுத்தப்பட்டோர் – 12 விழுக்காடு
பிற்படுத்தப்பட்டோர் – 8 விழுக்காடு
பெண்கள் – 3 விழுக்காடு
முற்பட்ட வகுப்பினருள் ஏழைகள் – 3 விழுக்காடு

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு முன்பே இருந்த ஒதுக்கீடு இதனால் குறையவில்லை. நலிந்தவருள்ளும் நலிந்தவருக்குத் தனிப் பங்கு வகுத்தது இவ்வாணையின் சிறப்பு. பெண்களையும், முற்பட்ட வகுப்பின் ஏழைகளையும் அது கருத்தில் கொண்டது. இதனை மக்கள் 'கர்பூரி வாய்பாடு' என அழைத்தனர்.

ஆணை வெளிவந்ததும் மாநிலம் கொந்தளித்தது. ஆதரித்தும் எதிர்த்தும் போராட்டங்கள் நடந்தன. கர்பூரியின் குலத்தொழிலைச் சுட்டி இழித்துரைக்கும் முழக்கங்கள் வீதிகளில் ஒலித்தன. அவர் சினந்து மறுமொழி கூறவுமில்லை. ஆணையைத் திரும்பப் பெறவுமில்லை. அவருடைய கட்சிக்குள்ளேயே பூசல் முற்றியது. 1979 ஏப்ரலில் அவர் பதவியை இழந்தார். ஆணை மட்டும் நிலைத்தது.

பதவி போனபின்னும் அவர் எண்ணம் பரவியது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது. முற்பட்ட வகுப்பின் ஏழைகளுக்கான ஒதுக்கீடு 2019இல் அரசமைப்புச் சட்டத்தின் 103ஆம் திருத்தத்தால் நாடு முழுமைக்கும் வந்தது. இவற்றின் தன்மையும் அளவும் பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது.

6. எளிமை

கர்பூரியின் எளிமையைப் பற்றிப் பல செய்திகள் வழங்குகின்றன. 1952இல் வெளிநாடு செல்லும் குழுவில் அவர் இடம்பெற்றார். அவரிடம் மேற்சட்டை இல்லாமையால் நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கிச் சென்றார். அதுவோ கிழிந்த சட்டை. யூகோசுலாவியாவின் தலைவர் டிட்டோ அதனைக் கண்டு புதிய மேற்சட்டை ஒன்றை அன்பளிப்பாக வழங்கினார் என்பர்.

1977இல் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் பிறந்தநாள் விழாவுக்காகத் தலைவர்கள் பாட்னாவில் கூடினர். முதலமைச்சரான கர்பூரியின் சட்டை கிழிந்திருந்தது. அதனைக் கண்ட சந்திரசேகர், அங்கிருந்தோரிடம் நன்கொடை திரட்டி, புதிய சட்டை வாங்கிக்கொள்ளுமாறு கொடுத்தார். கர்பூரி அதனைப் பெற்றுக்கொண்டு, முதலமைச்சர் நிவாரண நிதியில் சேர்த்துவிட்டார் என்று கூறுவர்.

சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் குடியிருப்பு அமைக்க இடம் வழங்கப்பட்டபோதும் அவர் தமக்கென நிலம் பெறவில்லை. தன்னலம் கருதாமை அவர்தம் இயல்பாக இருந்தது.

7. மறைவும் நினைவும்

1988ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் கர்பூரி தாக்கூர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 64. இறுதி வணக்கம் செலுத்த அவருடைய ஊருக்குச் சென்ற தலைவர்கள், அவர் வீட்டின் நிலையைக் கண்டு கண்கலங்கினர் என்பர். லாலு பிரசாத், நிதீஷ் குமார், ராம் விலாஸ் பாஸ்வான் முதலிய தலைவர்கள் அவருடைய வழியில் அரசியல் பயின்றவர்கள். பிதௌஞ்சியா இன்று 'கர்பூரி கிராமம்' என வழங்கப்படுகிறது.

மக்கள் அவருக்கு 'ஜனநாயக்', அதாவது 'மக்கள் தலைவர்' என்னும் பட்டம் சூட்டினர். தர்பங்காவிலிருந்து அமிர்தசரஸ் செல்லும் தொடர்வண்டி அப்பெயரைத் தாங்கி ஓடுகிறது. பிழைப்புத் தேடிப் பஞ்சாபுக்குச் செல்லும் பீகார்த் தொழிலாளர் பலர் அவ்வண்டியில் பயணம் செய்கின்றனர். ஊரைவிட்டு வேற்று மாநிலத்தில் வாழும் அவர்கள், தம் மொழியையும் தம் தலைவர் பெயரையும் உடன்கொண்டு செல்கின்றனர்.

அவருடைய நூற்றாண்டு நிறைவை ஒட்டி, 2024 சனவரி 23ஆம் நாள் நாட்டின் உயரிய விருதாகிய பாரத ரத்னா அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் மகன் ராம்நாத் தாக்கூர் அவ்விருதைக் குடியரசுத் தலைவரிடமிருந்து பெற்றுக்கொண்டார்.

சொற்பொருள்

இடர் – துன்பம்
நிலக்கிழார் – நில உடைமையாளர்
உண்ணாநோன்பு – உண்ணாமல் இருந்து போராடுதல்
நடுவண் அரசு – மத்திய அரசு
விழுக்காடு – நூற்றில் பங்கு, சதவீதம்
எள்ளுதல் – இகழ்தல், கேலி செய்தல்
நலிந்தவர் – வலிமை குன்றியவர்
பூசல் – சண்டை, பிளவு

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. கர்பூரி தாக்கூர் பிறந்த ஊர் __________.
2. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஈடுபட்டு அவர் __________ மாதங்கள் சிறையில் இருந்தார்.
3. 1952இல் அவர் __________ தொகுதியில் வென்றார்.
4. 1978ஆம் ஆண்டு அரசாணை __________ விழுக்காடு இடங்களை ஒதுக்கியது.

ஆ. பிரித்து எழுதுக.
1. அரசாணை 2. முதலமைச்சர் 3. தன்னலம் 4. பள்ளிக்கல்வி 5. பொதுத்தேர்தல்

இ. எதிர்ச்சொல் தருக.
1. எளிமை 2. வெற்றி 3. விடுதலை 4. ஆதரவு

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கர்பூரி கல்லூரிப் படிப்பை ஏன் இடையில் நிறுத்தினார்?
2. 'கர்பூரி வகுப்பில் தேறியவர்' என்று யாரை, எதற்காகக் கூறினர்?
3. முங்கேரி லால் ஆணையம் எதனைச் சுட்டிக்காட்டியது?
4. தமக்குக் கிடைத்த நன்கொடையைக் கர்பூரி என்ன செய்தார்?

உ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனிப் பங்கு வகுக்க வேண்டியதன் காரணத்தை விளக்குக.
2. ஆசிரியப் பணியில் கண்டவை கர்பூரியின் கல்விக் கொள்கைக்கு எவ்வாறு உதவியிருக்கலாம்? பாடத்தின் துணைகொண்டு எழுதுக.

ஊ. வகுப்பில் கலந்துரையாடுக.
'பள்ளியிறுதித் தேர்வில் தேற ஆங்கிலம் கட்டாயம் ஆகலாகாது' என்னும் கருத்தை ஒரு குழுவினர் ஆதரித்தும், மற்றொரு குழுவினர் மறுத்தும் பேசுக. ஒவ்வொருவரும் எதிரணியின் வாதம் ஒன்றையேனும் ஏற்றுக்கொண்டு, பின்னர் தம் கருத்தைக் கூறுக.

எ. செய்து பார்.
உங்கள் வீட்டிலுள்ள பெரியோரிடம், அவர்கள் எந்த மொழியில் பள்ளிக்கல்வி பயின்றனர், எந்தப் பாடம் அவர்களுக்குக் கடினமாக இருந்தது, இம்மாநிலத்திற்கு வந்தபின் எந்த மொழியைப் புதிதாகக் கற்றனர் எனக் கேட்டறிக. அவர்கள் கூறியவற்றைப் பத்துத் தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.